எங்க கம்மாய் பச்சையா தெரிஞ்ச கதை

மே மாசம். அக்னி நட்சத்திரம். எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம், அந்த நேரத்துல புல்லு கூட மிஞ்சாது, ஆடு மாடெல்லாம் வேப்பமரத்தடியில படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட மாசத்துல எடுத்த ஒரு சேட்டிலைட் படத்தை முதல் தடவையா லேப்டாப்புல திறந்து பாத்தப்ப, சுத்தி இருக்கிற வயக்காடு பூரா வெளிறிப்போய்க் கிடக்க நடுவுல எங்க கண்மாய் மட்டும் பளிச்சுன்னு பச்சையா இருந்துச்சு. கரையோட வளைவு அப்படியே தெரிஞ்சுது, மடை எந்த இடம்னு விரல் வச்சுக் காட்டலாம் போல இருந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெரியப்பாவுக்கு வாட்ஸப்புல அனுப்பி "நம்ம கம்மாயப் பாருங்க பெரியப்பா, எம்புட்டு பச்சையா இருக்கு"ன்னு போட்டேன்.

பதில் வாய்ஸ் மெசேஜா வந்துச்சு. "அப்பு, அது பூரா கருவை. தண்ணி நிக்க வேண்டிய எடத்துல கருவைதான் நிக்கிது." கருவைன்னு அவரு சொன்னது சீமைக்கருவேல மரத்தை.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா லீவு கிடைக்கிறப்பல்லாம் இதே வேலையாத்தான் இருக்கேன். என் ஆபீஸ் வேலையும் மேப் சம்பந்தப்பட்டதுதான், ஆனா அது வேற யாரோ கேட்ட மேப், இது எங்க கண்மாய். இதுல கத்துக்கிட்டதை எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், இந்த மாதிரி ஊருக்கு ஒருத்தர் உக்காந்து பாத்தா கூட எவ்வளவோ தெரிய வரும்னு நான் உண்மையிலேயே நம்புறேன்.

ஸ்கூல் புத்தகத்துல தொலை நுண்ணுணர்வுன்னு போட்டிருப்பாங்க, நாங்க ரிமோட் சென்சிங்னே சொல்லிப் பழகிட்டோம். பெரிய ராக்கெட் சமாச்சாரம்னு பலரும் ஒதுங்கிடுறாங்க, அடிப்படை என்னமோ ரொம்ப சாதாரணமானது. நல்லா இருக்கிற இலை சிவப்பு வெளிச்சத்தை உள்ள இழுத்துக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிடும். இலைக்கு நோவு வந்தாலோ காஞ்சாலோ இந்தக் கணக்கு மாறும். தண்ணியோ அகச்சிவப்பை முழுங்கிடும், அதனால அந்தப் படத்துல தண்ணி கருப்பா கிடக்கும். இந்த ரெண்டு குணத்தை வச்சுத்தான் உலகத்துல பாதி ஆராய்ச்சி ஓடுது.

நம்ம நாட்டுல இது ஆரம்பிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1970 வாக்குல கேரளாவுல தென்னைக்கு வேர்வாடல் நோய் வந்து தோப்பு தோப்பா நலிஞ்சப்ப, பிசரோட்டிங்கிற விஞ்ஞானி, பாலக்காடு பக்கம் கொல்லங்கோட்டுக்காரர், ஹெலிகாப்டர்ல அகச்சிவப்பு ஃபிலிம் போட்ட கேமராவைக் கட்டி மேல இருந்து தோப்புகளைப் படம் எடுக்க வச்சாரு. கீழ இருந்து பாத்தா நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்ச மரம் கூட அந்த ஃபிலிம்ல வேற நிறத்துல வந்து காட்டிக் கொடுத்துருச்சு. இந்தியாவோட ரிமோட் சென்சிங்கே ஒரு தென்னை மர நோயைப் பாக்கத்தான் பிறந்துச்சுன்னு நினைக்கிறப்பவே ஒரு நெருக்கம் வருது. அப்புறம் 1988 மார்ச்ல நம்ம ரிமோட் சென்சிங் சேட்டிலைட் ஐஆர்எஸ்-1ஏ மேல போச்சு, இன்னைக்கு ஐதராபாத்ல இருக்கிற தேசிய தொலையுணர்வு மையம் வரைக்கும் அந்த வரிசை நீளுது.

ஆனா என்னை மாதிரி ஆளு வீட்ல உக்காந்து இதைச் செய்ய முடியுதுன்னா அதுக்குக் காரணம் 2008. அமெரிக்காவோட லேண்ட்சாட் வரிசை 1972 ஜூலைல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் பூமியைப் படம் எடுத்துக்கிட்டே இருக்கு. முன்னாடி அதுல ஒரு படம் வாங்கவே காசு கட்டணும், 2008ல மொத்தத்தையும் இலவசமா திறந்து விட்டாங்க. அப்புறம் ஐரோப்பாக்காரங்க சென்டினல் வரிசையை விட்டாங்க, அதுவும் ஆரம்பத்துல இருந்தே இலவசம். லேண்ட்சாட்ல ஒரு பிக்சல், அதாவது படத்துல ஒரு புள்ளி, தரையில 30 மீட்டர், சென்டினல்-2ல 10 மீட்டர். எங்க கண்மாய் 60 ஏக்கர், சென்டினல்ல ஏக்கருக்கு சுமார் 40 பிக்சல், ஆக எங்க கண்மாய் மொத்தம் 2,400 சொச்சம் பிக்சல். ரெண்டு சேட்டிலைட் சேர்ந்து 5 நாளைக்கு ஒரு தடவை காலையில பத்தரை மணி வாக்குல எங்க ஊரைத் தாண்டிப் போகுது. இதைச் சொன்னதுல இருந்து பெரியப்பா அந்த நேரத்துக்கு அண்ணாந்து பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அது 786 கிலோமீட்டர் உசரத்துல போகுது, பகல்ல தெரியாதுன்னு சொன்னாலும் பாக்குறாரு.

சரி, கருவைக்கு வர்றேன். எங்க பக்கம் கருவைன்னு சும்மா சொன்னாலே அது சீமைக்கருவேலம்தான், வேலிக்கருவைன்னும் சொல்வாங்க. வேர் ஆழத்துக்குப் போறதால மழை இல்லாத மாசத்துலயும் அது பச்சையாவே நிக்கும். இதுதான் அதைக் கண்டுபிடிக்கிற வழியும். மழைக்காலத்துல படம் எடுத்தா நெல்லு, புல்லு, கோரை எல்லாமே பச்சை, எது எதுன்னு பிரிக்கவே முடியாது. ஏப்ரல், மே படத்தை எடுத்தா மத்ததெல்லாம் காஞ்சு போயிருக்கும், தண்ணி பாயாத இடத்துல அப்பவும் எது பச்சையோ அது பெரும்பாலும் கருவை. அகச்சிவப்புல இருந்து சிவப்பைக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா ஒரு நம்பர் வரும், என்டிவிஐன்னு பேரு, மைனஸ் 1ல இருந்து 1 வரைக்கும் போகும். அடர்ந்த பச்சைன்னா நம்பர் ஏறும், வெறும் மண்ணுன்னா பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கும், தண்ணின்னா பெரும்பாலும் மைனஸ்க்குப் போயிரும். கோடை மாசத்துல கண்மாய்க்குள்ள இந்த நம்பர் ஏறி இருந்தா அது நல்ல செய்தியே இல்ல. காடு பச்சையா இருந்தா நல்லதுன்னு படிச்சு வளர்ந்த நமக்கு இது மனசுல ஏற கொஞ்சம் நேரம் ஆகும், எனக்கு ஆச்சு.

முதல் மேப் போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். போன்ல ஜிபிஎஸ்ஸ போட்டுக்கிட்டு, பெரியப்பா அருவாளோட முன்னாடி போக, கண்மாய் உள்வாய்க்குள்ள நடந்தோம். கிரவுண்ட் ட்ரூத்னு சொல்ற வேலை இதுதான், படம் சொல்றது நிஜமான்னு தரையில போய் நின்னு பாக்குறது. 40 இடம் குறிச்சு வச்சிருந்தேன். முள்ளு குத்தி செருப்பே கிழிஞ்சுருச்சு. மேற்கு ஓரத்துல நான் கருவைன்னு அடிச்சு வச்சிருந்த ஒரு பெரிய பகுதிக்குப் போனதும் பெரியப்பா நின்னு "இது அது இல்லப்பு, இது நாட்டுக்கருவேலம்"னு சொன்னாரு. முன்னாடி சமூகக் காடுகள் திட்டத்துல கண்மாய்க்குள்ள நட்ட மரம், இப்ப நல்லா வளர்ந்து நிக்குது, கொக்கு வந்து அடையுது. 10 மீட்டர் பிக்சல்ல ரெண்டுமே ஒரே பச்சை.

இது சின்னத் தப்பு இல்ல. எங்க ஊருக்குப் பக்கத்துலதான் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கு, ரெண்டுமே உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல இருக்கிற இடம், ரெண்டுமே கண்மாய்தான், அங்க பறவை கூடு கட்டுறதே கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரங்கள்லதான். நான் போட்ட மேப்பைக் கையில வச்சுக்கிட்டு யாராவது ஜேசிபி விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சப்ப வயித்தைக் கலக்கிருச்சு. அதுக்கப்புறம் கூகுள் எர்த்ல இருக்கிற துல்லியமான படத்தையும் சேத்து வச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். நட்ட மரம் வரிசையா மேட்டு மேல நிக்கும், தானா முளைச்ச கருவை தாறுமாறா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படர்ந்திருக்கும், மேல இருந்து பாத்தா அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். நான் குறிச்ச 40 இடத்துல 11 இடம் தப்பு, அதுல பாதிக்கு மேல இந்த நாட்டுக்கருவேலம்தான்.

ஒரு படத்தை விட வரிசையா பல வருஷப் படம் பாக்குறதுலதான் விஷயம் இருக்கு. 2016ல இருந்து மேகம் இல்லாத படமா பொறுக்கி எடுத்து எங்க கண்மாயோட என்டிவிஐய ஒரு கிராஃபா போட்டேன். ரெண்டு இடத்துல கோடு சடார்னு கீழ விழுது. பெரியப்பாகிட்ட வருஷத்தைச் சொன்னதும் "அது கருவை ஏலம் விட்ட வருஷம், கரிமூட்டம் போடுறவுக வந்து வெட்டிட்டுப் போனாக"ன்னு டக்குனு சொன்னாரு. சரியா பொருந்துச்சு. ஆனா அந்தக் கோடு விழுந்த இடத்துலயே கிடக்கல, அடுத்த மழைக்கே திரும்ப ஏறத் தொடங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள பழைய உசரத்துக்கு வந்துருச்சு. வேரோட பிடுங்காம அடியில வெட்டுனா தூருல இருந்து ஒண்ணுக்கு நாலா கிளைச்சு வரும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும்தான், ஆனா காகிதத்துல "சீமைக்கருவேலம் அகற்றப்பட்டது"ன்னு எழுதி முடிஞ்சுருச்சு. அந்தக் காகிதத்தையும் இந்தக் கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அதே நேரம் கருவையை வெட்டிக் கரியாக்குற கரிமூட்டத்தை நம்பி எங்க பக்கம் எத்தனையோ குடும்பம் இருக்கு, மழை இல்லாத வருஷத்துல அந்தக் கூலிதான் அவங்களுக்குச் சோறு, அதனால கருவையை ஒரேயடியா ஒழிச்சுக் கட்டணும்னு என்னால லேசா சொல்லிட முடியல. கண்மாய்க்குள்ள வேண்டாம், கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல வேண்டாம். அதுதான் என் நிலைப்பாடு.

கருவை பாதிக் கதைதான். அதை எடுத்துட்டா மட்டும் கண்மாய் நிறைஞ்சுருமா? மழை நல்லா பேஞ்ச வருஷத்துலயும் எங்க கண்மாய்க்குத் தண்ணி வரல, அதே நேரம் எங்களுக்கு மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு வழிஞ்சு மறுகால் போச்சு. இதைப் பாக்க சென்டினல்-2 உதவாது, ஏன்னா எங்களுக்கு மழையே வடகிழக்குப் பருவத்துலதான், அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் படத்தைத் திறந்தா வெறும் மேகம்தான். அப்பதான் ரேடாருக்குப் போனேன். சென்டினல்-1 தானே ஒரு ரேடியோ அலையை அனுப்பி, தரையில பட்டுத் திரும்பி வர்றதை அளக்குது, மேகம், மழை, ராத்திரி எதுவும் அதுக்குத் தடை இல்ல. அசையாத தண்ணி கண்ணாடி மாதிரி, சாய்வா வந்த அலையை வேற பக்கம் தள்ளி விட்டுரும், சேட்டிலைட்டுக்கு எதுவும் திரும்பி வராது, அதனால தண்ணி நிக்கிற இடம் படத்துல கன்னங்கரேல்னு இருக்கும்.

இதுலயும் ஏமாந்தேன். ஏப்ரல் மாசப் படத்துல கடலோரமா பெரிய பெரிய கருப்புத் திட்டு தெரிஞ்சதும் தண்ணின்னு எண்ணிட்டேன், கிட்டப் போய்ப் பாத்தா வழவழன்னு காஞ்ச உவர் நிலம். வழவழப்பா இருந்தா காஞ்ச தரையும் ரேடாருக்குக் கருப்புதான். இன்னொரு பக்கம் கமுதியில இருக்கிற அந்தப் பெரிய சோலார் பிளான்ட், 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், தண்ணியைப் பிரிக்கிற கணக்குல அதுல பல இடம் தண்ணியா வந்து நின்னுச்சு. அந்த வறண்ட ஊருக்கு நடுவுல அவ்வளவு பெரிய ஏரி இருந்தா எங்களுக்கு இந்தக் கவலையே இருந்திருக்காது.

சென்னையில வெள்ளம் வர்றப்ப ரேடார் மேப்புன்னு பல படம் சுத்தும், அதைப் பாத்து "எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, மேப்புல ஒண்ணுமே இல்லையே"ன்னு ஜனங்க கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. தெருவுல தண்ணி நின்னா அலை தண்ணியில பட்டு, அங்கிருந்து பக்கத்து வீட்டுச் சுவத்துல பட்டு நேரா சேட்டிலைட்டுக்கே திரும்பிப் போயிரும், ஆக கருப்பா தெரிய வேண்டிய இடம் இன்னும் வெளிச்சமா தெரியும். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை பேஞ்சப்ப, வயல், ஏரி, காலி நிலத்துல நின்ன தண்ணியை ரேடார் காட்டுன அளவுக்கு வீடு நெருக்கமா இருக்கிற தெருத் தண்ணியைக் காட்ட முடியாததுக்கு இதுதான் காரணம். அந்த மேப்பை மட்டும் வச்சு எந்தத் தெரு பாதிச்சதுன்னு யாரும் முடிவு பண்ணக் கூடாது.

இந்த மாதிரி மறைவு எல்லா சேட்டிலைட்டுக்கும் இருக்கு. பஞ்சாப், ஹரியானாவுல வைக்கோல் எரிக்கிறதை எண்ணுற சேட்டிலைட்டுங்க மத்தியானம் ஒன்றரை மணி சுமாருக்கு மேல வருது. சில வருஷமா தீ எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, புகை மட்டும் குறையல, கடைசியில ஒரே இடத்துல நின்னு நாள் பூரா பாக்குற கொரிய சேட்டிலைட் டேட்டாவை எடுத்துப் பாத்தா எரிக்கிறது சாயங்காலத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. அதே வடமேற்கு மண்ணுக்கு அடியில என்ன நடக்குதுன்னு சொன்னதும் சேட்டிலைட்தான். கிரேஸ்னு 2002ல ஒரு ஜோடி விட்டாங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு போகும், அதுங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் துளி மாறுறதை வச்சே கீழ எடை கூடுதா குறையுதான்னு கணக்குப் போடும். 2002 ஆகஸ்ட்ல இருந்து 2008 அக்டோபர் வரைக்கும் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போயிருச்சுன்னு 2009ல அப்படித்தான் தெரிய வந்துச்சு. ஒரு போர்வெல்லுக்குள்ள கூட எட்டிப் பாக்காம! இதை முதல்ல படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, அடுத்த நிமிஷமே அந்த 109ங்கிற நம்பரை நினைச்சு பயமா இருந்துச்சு.

எங்க ஊருக்கே வர்றேன். நவம்பர்ல இருந்து வரிசையா ரேடார் படம் போட்டுப் பாத்ததுல மேல் கண்மாய் கருப்பா நிறையுது, அதோட கலுங்குல இருந்து வழிஞ்சு வெளிய வர்ற தண்ணி எங்க பக்கம் வராம கிழக்கால வயக்காட்டுல பரவி நிக்குது. வருஷா வருஷம் அதே இடம். அந்த வயக்காரங்களுக்கும் நட்டம்தான், முண்டு மிளகா போட்டதெல்லாம் அழுகிப் போகுது. கூகுள் எர்த்ல பழைய வருஷத்துக்கு நகத்திப் பாத்தா எங்க வரத்துக்கால் ஒரு கோடா தெளிவா தெரியுது, ஒரு வருஷத்துக்கு அப்புறம் அதுக்குக் குறுக்க ரோடு வருது, அதுக்கடுத்த படங்கள்ல கால் கொஞ்சம் கொஞ்சமா பச்சை அடைச்சுக் காணாமப் போகுது. நேர்ல போய்ப் பாத்தோம். ரோட்டுக்கு அடியில ஒரே ஒரு சிமெண்ட் குழாய், முக்கால்வாசி மண்ணு அடைச்சுக் கிடக்கு. பெரியப்பா அந்தக் குழாய் முன்னாடி குத்தவச்சு உக்காந்துட்டாரு. "எங்கய்யா காலத்துல இந்தக் கால்ல எறங்கி மீன் பிடிப்போம்"னு மட்டும் சொன்னாரு, வேற ஒண்ணும் பேசல.

மனு எழுதி கூடவே அஞ்சு வருஷ ரேடார் படத்தையும் கலர் பிரிண்ட் போட்டுக் கொண்டு போனோம். முதல் தடவை படத்தை யாரும் பாக்கவே இல்ல, "சர்வே நம்பர் இல்லாம இதை வச்சு என்ன செய்யிறது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அலைய விட்டது வருத்தம்தான், ஆனா கேட்டது சரியான கேள்வின்னு அப்புறம் தோணுச்சு. வீட்டுக்கு வந்து கிராம வரைபடத்தை ஸ்கேன் பண்ணி, சேட்டிலைட் படத்து மேல பொருத்தி, கால் எந்தெந்த சர்வே நம்பர் வழியா போகுது, எது புறம்போக்கு, எந்த இடத்துல ரோடு குறுக்க வருதுன்னு ஒவ்வொண்ணா எழுதிக் கொடுத்தோம். இந்தத் தடவை வேலை நடந்துச்சு. இந்த மாதிரி யாராவது செய்யிறதா இருந்தா தயவு செஞ்சு முதல்லயே சர்வே நம்பரோட போங்க. பிக்சல் எங்களுக்குப் புரியும், ஆபீஸுக்குப் புரியிறது புல எண்தான்.

கால்ல கருவையை எடுத்து நூறு நாள் வேலையில கொஞ்ச தூரம் தூர் வாரியிருக்காங்க, குழாய் அடைப்பை எடுத்துட்டாங்க. குழாய்க்குப் பதிலா பாலம் இன்னும் வரல. போன டிசம்பர் ரேடார் படத்துல எங்க கண்மாய் மடையை ஒட்டி ஒரு கருப்புத் திட்டு வந்திருந்துச்சு, கண்மாய்ல கால்வாசி கூட இருக்காது. படத்தைப் பாத்த உடனே போன் போட்டேன், முன்னாடி உவர் நிலத்துல ஏமாந்தவன் ஆச்சே. "நிக்கிதுப்பு, முழங்காலளவு நிக்கிது"ன்னாரு.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. கண்மாய் நடுவுல கருவை இன்னும் அப்படியே நிக்குது, அதுக்கு அடியில தண்ணி நின்னா சென்டினல்-1க்குத் தெரியாது, அதோட அலை நீளம் ஆறு சென்டிமீட்டருக்கும் கம்மி, இலையிலயும் சிம்புலயும் பட்டே திரும்பிரும். 2025 ஜூலை 30ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போச்சே நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செஞ்சது, அதுல எல் பேண்ட் ரேடார் இருக்கு, 24 சென்டிமீட்டர் அலை, மரத்துக்குள்ள புகுந்து அடியில தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்கிற அளவுக்கு நீளம். 12 நாளைக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வரும், டேட்டா இலவசம். கருவைக்கு அடியில தண்ணி எது வரைக்கும் ஏறுதுன்னு அதுல பாக்கணும், அதுக்குத் தோதா பெரியப்பா இப்பவே உள்வாய்ல 20 இடத்துல கம்பு நட்டு, அடி கணக்குக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காரு. நிசார் தாண்டுற தேதியெல்லாம் அவரு வீட்டு காலண்டர்ல சிவப்பு பேனாவுல வட்டம் போட்டாச்சு, அன்னைக்கு அவரு கம்பைப் பாத்து அளவைச் சொல்லுவாரு, நான் இங்க எழுதிக்குவேன்.